மூன்றாம் மாடிக் கதவு

லிஃப்ட் மெக்கானிக்குக் கை சும்மா இருந்தால் மனசு கேட்காது. பழுதென்று போன் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுவார். "ரெண்டு நிமிஷம் உக்காந்தா குடியா முழுகிடும்?" என்று கேட்டுக் கேட்டு மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் மட்டும் லிஃப்ட் கதவு மூட மாட்டேனென்று அடம்பிடித்தது. அதுவும் காலையில்தான், பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். நான்கு நாள் வயரை மாற்றினார், சென்சாரைத் துடைத்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள், "இன்னைக்காவது காரணம் சொல்வீங்களா?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் எரிந்து விழுந்தார். அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்கும் அம்மா வாளியோடு கடந்துபோனாள்.

"இவங்க ஊத்துற தண்ணிதான் சார், சென்சாருக்குள்ள இறங்குது" என்று அவளைக் கைகாட்டினார் மெக்கானிக்.

"நான் பிழிஞ்சுதானே துடைக்கிறேன்!" என்றாள் அவள். யார் காதிலும் ஏறவில்லை. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். கதவு அப்போதும் மூடவில்லை.

மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறன்று மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு படுக்க வைத்தாள். அடித்துப் போட்டாற்போல் தூங்கியவர், எட்டரைக்கு விழித்தும் எழாமல் கிடந்தார். ஜன்னல் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிரே நின்ற மனைவியின் முகமே தெரியவில்லை. எதையும் துரத்தாமல் கிடந்தவருக்கு, அந்த அடுக்குமாடியை ஒட்டியிருந்த கட்டடத்தைப் போன மாதம் இடித்தது மெல்ல ஞாபகம் வந்தது. லிஃப்டுக்கு எதிரே ஜன்னல் இருப்பது மூன்றாம் மாடியில் மட்டும்தான்; இப்போது அதன் வழியே காலை வெயில் விழுமே! சென்சாரும் ஒரு கண்தானே. கூசினால், ஆள் நிற்கிறார் என்று கதவைத் திறந்தே வைக்கும்.

அங்கே ஓடிப்போய் அந்த ஜன்னலை அட்டையால் மறைத்தார். கதவு மூடிக்கொண்டது. அவருக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. செயலாளரிடம் தன் தவறை ஒப்புக்கொண்டு, தரை துடைத்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடச் சம்மதம் வாங்கி, விலாசம் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனார்.

"வேற இடத்துல சேந்துட்டேன் அண்ணே. ரெண்டு பஸ் மாறணும், பரவாயில்ல. அங்க மட்டும் இனிமே கால் வைக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள்.



இப்போதெல்லாம் யார் அவசரப்படுத்தினாலும், "தெரியல. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்கிறார். அந்தக் கட்டடத்தில் மட்டும், புதிதாக வந்த துடைப்புக்காரம்மா எதிரே வந்தால், பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்.