மாமா தூக்கிக்கொண்டு போன ஐஸ் பெட்டி

வீட்டில் பியர் காய்ச்சத் தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். அடியில் குழாய் பூட்டி, உள்ளே சக்கையை வடிக்கக் கம்பிவலை வைத்தேன். சூடு போகாதிருக்க மூடிக்குள் ஃபோமும் அடைத்தேன். எதற்கென்று மனைவியிடம் சொல்லவில்லை.

இன்று காலை முளைகட்டிய பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு மூடிவிட்டு, லண்டன் நோர்பரிக் கடைக்குப் போய் மத்தியானம் கழித்துத்தான் வந்தேன். பெட்டியைக் காணவில்லை.

"அப்பா வந்து கொண்டு போயிட்டார். உள்ளுக்கு இனிப்புக் கஞ்சி மாதிரி இருந்தது. கோயில் தண்ணீர்ப்பந்தலுக்குத்தான் செய்யிறியள் எண்டு நினைச்சம்," என்றாள் மனைவி.

மாமாதான் கோயில் தலைவர்.

புளிக்கவைக்கும் ஈஸ்ட் இன்னும் போடவில்லை, அது வெறும் இனிப்புத் தண்ணீர்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அருமையான பானகம்! குழாயைத் திறக்கத் தெளிவா வருது. மத்தியானப் பூசைக்கு வந்த சனம் எல்லாம் குடிச்சினம். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைத் தேருக்கு அப்பிடியே மூடி வைச்சிருக்கிறம். நல்ல பெட்டி, இப்பவும் இளஞ்சூடு!"

நான் "ஓம் மாமா" என்று போனை வைத்துவிட்டேன்.

இனிப்பும் இளஞ்சூடும் இருந்தால் ஈஸ்ட் போட நான் தேவையில்லை, காற்றே கொண்டுவந்து போடும். இன்று வெள்ளி. புளித்துப் பியராக அதற்கு இரண்டு நாள் இருக்கிறது.

தேருக்கு யார் யார் வருகிறீர்கள்? கார் கொண்டு வரவேண்டாம்.