கன்ட்ரி மியூசிக் திருவிழாவுக்கு மச்சாளோடு போனது

என் கணவர் ரொறன்ரோவில் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாணும் பணிசும் ஏற்றி ஓட்டிய வானின் ரேடியோவில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் எடுக்கும். திருப்புகிற குமிழ் எப்போதோ உடைந்துபோய் முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் நாள் முழுக்கக் கன்ட்ரி மியூசிக். நான் கனடாவுக்கு வந்து சேருமுன் சில பனிக்காலங்களை இவர் அந்த வானுக்குள் தனியாகத்தான் கழித்தார். ஆங்கிலம் பழகியதும் அதற்குள்தான். அதனால் இவருடைய ஆங்கிலத்தில் முக்கால்வாசி யாழ்ப்பாணம், கால்வாசி டெக்சாஸ். வங்கிக்குப் போனாலும் "ஹவ்டி" என்றுதான் தொடங்குவார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். இவருடைய அக்கா அப்போதுதான் வந்து எங்களோடு சேர்ந்திருந்தார். எனக்கு மச்சாள் முறை. ஊரில் கணக்கு ரீச்சர். கலியாணம் கட்டவில்லை. எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் மூக்கால் இழுத்துப் பாடினால் விளங்காது. தம்பி கோப்பை கழுவிக்கொண்டு பாடுவதைக் கேட்டு ஒருநாள் என்னிடம் வந்தார்.

"உவன் என்ன பாடுறான்?"

"பெண்சாதி விட்டிட்டுப் போயிட்டாளாம், மச்சாள்."

"முதல் பாடினது?"

"அதில நாய் செத்துப்போச்சு."

"அப்ப உது ஒப்பாரியெல்லோ!" என்றார். அன்றிலிருந்து அந்தப் பாட்டுகளைக் கொஞ்சம் மரியாதையோடு கேட்கத் தொடங்கினார்.

நான் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் மின்சாதன உதிரிகளைப் பெட்டிகளில் அடுக்கும் வேலை செய்தேன். பக்கத்து ஸ்டூலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரி ஒருத்தி. ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். என் கணவரின் பாட்டுப் பைத்தியத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள். தங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் ஒரு வயலுக்குள் மேடை போட்டுக் கன்ட்ரி மியூசிக் திருவிழா நடக்குமாம். தான் அந்தக் கிழமை மகளிடம் போகிறாளாம், ஆனால் நாங்கள் கட்டாயம் போகவேண்டுமாம்.

"வெயிலடித்தாலும் றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போ," என்றாள். "தொப்பி, தண்ணீர், கழிப்பறைக் கடதாசி. மழைக்குக் குப்பை போடுகிற பெரிய பை. பொழுது பட்டால் வயல் குளிரும், சுவெட்டர் வேண்டும். மடிக்கிற, நிலத்தோடு பதிந்த கதிரை கொண்டு போ. காரை வெளியே போகிற பக்கம் பார்த்து நிறுத்து. முக்கியம், ஆள் தவறினால் எங்கே சந்திப்பது என்று முதலே பேசி வை."

வீட்டில் வந்து சொன்னேன். மச்சாள் சிரித்தார். "றிச்மண்ட் ஹில் கோயில் தேருக்குப் போய் வந்த ஆக்களுக்கே திருவிழா படிப்பிக்கினம்?" கார் நிறுத்த இடம் தேடுவது, வெயிலில் நிற்பது, வரிசையில் இடிபடுவது எல்லாம் அவருக்கு அந்த ஒரு நாளிலேயே பழகிவிட்டதாம். அதனால் ஆலோசனையில் பாதியைத்தான் எடுத்தோம். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, பூட்ஸ் எதற்கு? மடிக்கிற கதிரை எங்களிடம் இல்லை. குசினிக் கதிரைகள் மூன்றைக் காரின் கூரையில் கட்டினோம். குப்பைப் பையைப் பாரமில்லை என்று மச்சாள் ஒரு சுருள் முழுக்க எடுத்து வைத்தார். சாப்பாட்டுக்கு மட்டன் றோல்ஸ். தொட்டுக்கொள்ள ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய்.

வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி போத்தலைத் தூக்கினான். கண்ணாடி உள்ளே விடமாட்டார்களாம். உடைந்தால் காலில் குத்தும்.

"அப்ப ஊறுகாயை எறியிறதோ?" என்று மச்சாள் என்னிடம் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு குப்பைப் பையைக் கிழித்தெடுத்து, ஊறுகாயை அதற்குள் கவிழ்த்து, முடிச்சுப் போட்டு, வெறும் போத்தலை அவனுடைய கையில் கொடுத்தார். அவன் அதை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது. "போங்கோ, போங்கோ" என்று கையைக் காட்டினான்.

நேரத்தோடு போனதால் மேடைக்கு முன்னாலேயே இடம் கிடைத்தது. குசினிக் கதிரைகளைப் போட்டுக் கம்பீரமாக அமர்ந்தோம். சுற்றிவர எல்லாரும் புல்லோடு புல்லாகப் பதிந்த கதிரைகளில் இருந்தார்கள். முதல் பாட்டு முடிய, பெரிய தொப்பி வைத்த ஒருவர் வந்து குனிந்து நின்றார். "அம்மா, உங்கள் கதிரை மிக அழகு. ஆனால் எங்களுக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரிகிறது."

வெட்கத்தோடு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனோம். வேலியோரம் ஒரு மேப்பிள் மரம். நிழல், காற்று, காது அடைக்காத சத்தம், கழிப்பறையும் கிட்ட. முன்வரிசைக்கு அடிபட வேண்டாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆள் தவறினால் சந்திக்க ஒரு இடம் வேண்டும் என்றேன். இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த மஞ்சள் ஐஸ்கிறீம் வானடி. எங்க நிண்டாலும் தெரியும்," என்றார். மூவரும் ஒத்துக்கொண்டோம்.

பின்னேரம் இவர் அவித்த சோளம் வாங்க எழும்பிப் போனார். இவர் போன பிறகுதான் வானம் கறுத்தது. சொல்லிக்கொள்ளாமல் கொட்டியது மழை. மச்சாள் குப்பைப் பைகளில் தலைக்கும் கைக்கும் ஓட்டை கிழித்து எனக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, தன் சேலைக்கு மேலால் ஒன்றை இழுத்துவிட்டார். மேடையில் பாட்டு நிற்கவில்லை. சனமும் எழும்பவில்லை. மழை விட்டது. இவரைக் காணவில்லை.

ஐஸ்கிறீம் வானடிக்குப் போனோம். வானையும் காணவில்லை. மழைக்குள் யார் ஐஸ்கிறீம் குடிப்பது? அவன் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சேற்றில் இரண்டு சில்லுத் தடம்தான் மிச்சம். அந்தத் தடத்துக்குள் கால் வைத்த மச்சாளின் செருப்பு ஒன்று உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

"அந்த மனுசி பூட்ஸ் எண்டு சொன்னவவோ?"

"சொன்னவ, மச்சாள்."

"நீர் வடிவா அழுத்திச் சொல்லேல்லை," என்றார். மற்றச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கையில் போன் கொண்டு திரிகிற காலமில்லை அது. வயல் நிறையத் தொப்பிகள். இவரும் அதற்கென்றே ஒரு தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பினால் சிவந்த தாடி. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் குப்பைப் பையைப் பார்த்து நல்ல யோசனை என்றார். நான் அடுத்த தொப்பியிடம் ஓடினேன்.

அப்போது மச்சாள் நின்றார். "பொறும். உது அவன்ர குரலெல்லே?"

பக்கத்தில் ஒரு கூடாரம். விரும்பிய யாரும் ஏறிப் பாடலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தோம். சின்ன மேடையில், தொப்பியால் தண்ணீர் வடிய, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் என் கணவர். பின்னால் ஒருவர் கிற்றார், வயதான ஒருவர் வயலின். பனி றோட்டில் தனியாக வண்டி ஓட்டுகிற ஒருவனின் பாட்டு அது. கோப்பை கழுவும்போது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொற்களைக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

நடுவில் இவருக்குச் சொல் மறந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடினார். தாளம் தப்பாமல் தமிழில் தொடர்ந்தார்.

"பாணும் ஏத்த வேணும், பணிசும் ஏத்த வேணும்,
பனி கொட்டினாலும் போக வேணும்…"

வயலின்காரர் ஒன்றும் நடக்காதது போல இழுத்துக்கொண்டே போனார். முன்வரிசையில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். மச்சாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குப்பைப் பை சரசரக்கக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இவர் அதே வரியைத் திரும்பவும் பாடினார். மூன்றாம் தரம் பாடும்போது மச்சாளின் கை என் தோளில் இறுகியது.

"கேட்டா, சுகமா இருக்கிறன் எண்டுதான் எப்பவும் சொல்லுவான்," என்றார் மெல்ல.

கைதட்டல் பெரிதாக இருந்தது. இறங்கி வந்தவர் எங்களைக் கண்டு திகைத்தார். "என்னப்பா இது கோலம்?"

"நீங்கள் எங்க போனனீங்கள்?"

"ஐஸ்கிறீம் வானடிக்குத்தான் வந்தனான். வானைக் காணேல்லை. மழைக்கு இதுக்குள்ள ஒதுங்கினன். பாடுறீரோ எண்டு கேட்டினம்."

வயலின்காரர் பின்னாலேயே வந்தார். கடைசியில் பாடியது என்ன பாஷை, என்ன கருத்து என்று கேட்டார். இவர் தலையைச் சொறிந்தார். மச்சாள் முந்திக்கொண்டு தன் ரீச்சர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "தமிழ், ஐயா. பனியில் பாண் ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றியது."

அவர் வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, தான் இளமையில் பால் வண்டி ஓட்டியவன் என்றும், அதனால் தனக்குப் பாதி விளங்கியது என்றும் சொன்னார். மச்சாள் றோல்ஸ் பெட்டியைத் திறந்து அவருக்கு நீட்டினார். அவர் ஊறுகாயைத் தொட்டுத் தின்று, தண்ணீர் கேட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்டார்.

பொழுது படும் நேரத்தில்தான் பெரிய பாட்டுக்காரர்கள் மேடைக்கு வந்தார்கள். வெள்ளென வெளிக்கிட்டிருந்தால் தவறவிட்டிருப்போம். மச்சாள் எல்லாப் பாட்டுக்கும் தலையாட்டினார். நுளம்பு கடிக்கத் தொடங்கத்தான் எழும்பினோம். கார் சேற்றில் புதைந்திருந்தது. வயலின்காரர் நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளிவிட்டார்.

திரும்பும்போது மச்சாள் முன் சீற்றில் ஏறினார். ஸ்ரௌவ்வில் ஊரைத் தாண்டும் மட்டும் காலில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, முதல் பனிக்காலம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார் பிறகு.

"பரவாயில்லை, அக்கா."

"பரவாயில்லை எண்டு நான் கேக்கேல்லை. எப்பிடி இருந்தது?"

இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். கையுறை இல்லாமல் பெட்டி தூக்கியது, வழி தவறி ஒரு ஏரிக்கரையில் போய் நின்றது, யாரோ முன்பின் தெரியாதவர் கோப்பி தந்தது. எனக்கும் சொல்லாத கதைகள். நான் பின் சீற்றில் சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். மச்சாள் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார், வகுப்பில் கேட்கிற மாதிரி.

வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அக்காவும் தம்பியும் இறங்கவில்லை. நான் கதவைத் திறந்து, பேஸ்மென்ட் படியில் இறங்கிப் போய், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன்.