பெல்ட் கேமராவும் டைகர் மேல் போட்ட வழக்கும்

திருடனைப் பிடித்துக் கொடுக்கும் சாமானை விற்கிறவன் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் திருடன் யாரென்று ஏற்கனவே தெரியும் என்பதுதான். அவர்களுக்கு வேண்டியது வேறு ஏதோ. அது என்னவென்று நாம் கண்டுபிடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். கேமராவோ, இன்வெர்ட்டரோ, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினோ, எதையாவது வீடு வீடாக மாட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் காலை "வேலை செய்யலையே" என்ற போனில் கண்விழித்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் பாரிஸுக்கு வெளியே ஒரு வேட்டைச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தேன். நாற்பத்தேழாவது வயதில் காரைக்காலுக்குத் திரும்பியபோது பெட்டியில் நான்கு கேமராக்கள் இருந்தன. அங்கே காட்டுப்பன்றி வரும் தடத்தில் ஒரு மரத்தைப் பார்த்து, பெல்ட் போட்டு இதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உடம்பில் சூடு உள்ள எது முன்னால் அசைந்தாலும் அதுவே படம் எடுத்து உள்ளே இருக்கிற கார்டில் வைத்துக்கொள்ளும். இருட்டிலும் எடுக்கும், வெளிச்சம் வெட்டாது. வயர் வேண்டாம், டி.வி. வேண்டாம், டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய பேட்டரி நாலு போதும். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் எங்கள் ஊரில் இதற்குப் பெயரே கிடையாது. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் ‘தடக் கேமரா’ என்று நானாக ஒரு பெயர் வைத்துக் கடைக்குப் போர்டு எழுதினேன். ஜனங்கள் ‘பெல்ட் கேமரா’ என்றார்கள். ஒரே வாரத்தில் போர்டை மாற்றிவிட்டேன்.

சாட்சி உண்டு, ஆளைத்தான் காணோம்

முதல் கேமராவை வாங்கியவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். மறைவாகக் கட்டுங்கள், கூடவே ஒரு பூட்டும் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "நம்ம தோப்புல நமக்கெதுக்குங்க பூட்டு?" என்று சாலையோரத்து முதல் மரத்தில், நெஞ்சு உயரத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கடைக்கு வந்தார். தேங்காய் எல்லாம் அப்படியே இருக்கிறதாம், கேமராவைத்தான் காணோமாம்.

"கழட்டினவனைப் படம் எடுத்திருக்கும்ல?" என்று கேட்டார். கட்டாயம் எடுத்திருக்கும், அவ்வளவு கிட்டத்தில் வந்தவன் முகம் தெளிவாகவே விழுந்திருக்கும் என்றேன். "அப்ப காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் கேமராவுக்குள்தான் இருக்கிறது என்று நான் சொன்னதும் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டார். அப்புறம் சொன்னார்: "அப்போ அவன் யாருன்னு அவன் ஒருத்தனுக்கு மட்டுந்தான் தெரியும்கிறீங்க."

நாய்க்கு ஜாமீன்

இரண்டாவது கேமராவை நானே மொட்டைமாடியில் சோதனைக்குக் கட்டிவைத்து உப்புக்காற்றுக்குப் பலி கொடுத்தேன். கடற்கரை ஊர்க்காரர்களே, இடுக்கெல்லாம் கிரீஸ் தடவாமல் வெளியே வைக்காதீர்கள். மிச்சம் இரண்டும் ‘வச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கிறோம்’ என்ற இரண்டு பேரிடம் வெளியே இருந்தன. அப்போதுதான், ஒரு புதன்கிழமை, சுரக்குடியிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். எட்டு ஆடு வளர்க்கிறவர். காவலுக்கு டைகர் என்று ஒரு நாய். எதிர்வீட்டுக் கலியபெருமாளின் நாட்டுக்கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, பழி டைகர் மேல் விழுந்திருந்தது. தெரு கூடிப் பேசித் தீர்ப்பும் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வேறு ஆள் யாரென்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் டைகரைச் சாக்கில் கட்டி, எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆகாத நாய், பூனை, குரங்கு எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரே தண்டனை, நாடு கடத்தல். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் நாய்க் கணக்கு குறைவதில்லை, முகம் மட்டும் மாறும். போன நாய் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தயிர்ச்சோறு தின்னு வளர்ந்த நாய் தம்பி அது. இறகோட ஒரு கோழியை அது எப்படித் தின்னும், நீங்களே சொல்லுங்க."

தினமும் நாற்பது நிமிஷம்

வெளியே இருக்கிற இரண்டில் ஒன்றை வாங்கி அக்காவுக்குக் கட்டிவிடலாம் என்று வியாழன் காலையில் முதலில் கோவில்பத்துக்குப் போனேன். அங்கே தனசேகர் சார், ஆபீஸ் உத்தியோகம், ஸ்கூட்டரில் பெட்ரோல் திருடு போகிறது என்று கேமரா வைத்திருந்தார். இடம் அவரே பார்த்தது. முருங்கை மரத்தில், கிழக்கே பார்த்து. முதல் கார்டில் நானூறு படம். மூன்று சூரியோதயம், பாக்கி எல்லாம் வெயிலில் சூடேறிய முருங்கைக் கிளை ஆடுவது. எதிரே இருக்கிற கிளையை வெட்டுங்கள், வெயில் முகத்தில் அடிக்காமல் வடக்கே திருப்புங்கள் என்று சொல்லி நானே திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தேன். அதுதான் வினையாயிற்று.

இந்த முறை கார்டை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டோம். அவர் மனைவியும் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். படத்துக்கு அடியில் நேரம் விழும். ஐந்தரைக்குத் தனசேகர் சார் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வாக்கிங் கிளம்புகிறார். ஐந்து முப்பத்தொன்றுக்கு எதிர்வீட்டு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பையிலிருந்து ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். ஆறு பத்துக்குத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் கழுத்திலும் நெற்றியிலும் வியர்வை மாதிரி தெளித்துக்கொள்கிறார். இப்படி நாலு நாள். சர்க்கரை வியாதிக்காரர். "கேமராவை உடனே கழட்டிக்கிட்டுப் போயிடுங்க சார், எனக்கு வேணாம்" என்று எழுந்தார். நானும் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தேன். அந்த அம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "பெட்ரோல் போனா போகட்டும் அண்ணே. கேமரா இங்கயேதான் இருக்கும்."

முழங்காலுக்குக் கீழே

மிச்சம் இருந்தது கிளிஞ்சல்மேட்டு இரத்தினவேல். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். வலைக் கொட்டகையிலிருந்து, வலையைத் தாழ்த்தக் கட்டுகிற ஈயக்குண்டு காணாமல் போகிறது என்று கேமரா கேட்டு வந்தவர் போட்ட நிபந்தனையை வேறு எந்தக் கடைக்காரரும் கேட்டிருக்கமாட்டார். ஆள் படத்தில் விழவேண்டும், ஆனால் முகம் விழக்கூடாது. "முகம் தெரிஞ்சுதுன்னா பஞ்சாயத்துல சொல்லியாகணும். சொன்னா தண்டம் போடுவாங்க. போட்டா என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவா" என்றார். ஆள் அவருடைய மச்சான். கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டிக்கொடுத்தேன். ஒரு ஜோடி கால், ஒரு கை, நீலக் கைலி. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இரத்தினவேல் தன் வீட்டு டி.வி. மேல் வைத்தார். மச்சான் சாப்பிட வந்தார், பார்த்தார், சாப்பிட்டார், போனார். இரண்டாம் நாள் ஈயக்குண்டு முழுக்கக் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டது.

"அப்புறம் என்ன, கேமராவைக் கொடுங்க, ஒரு உயிர் போற விஷயம்" என்றேன். கேமரா போனால் பயமும் போய்விடுமே என்று தயங்கினார். கடைக்குத் திரும்பி, மொட்டைமாடியில் செத்துப்போன என் கேமராவைக் கொண்டுவந்து அதே பெல்ட்டில் அதே கம்பத்தில் கட்டினேன். இரத்தினவேல் நாலு அடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். "செத்ததுதான் அண்ணே நமக்கு நல்லது. இது யாரையும் காட்டிக் குடுக்காது."

வெள்ளிக்கிழமை விசேஷம்

வியாழன் சாயங்காலமே சுரக்குடிக்குப் போய்க் கலியபெருமாளின் கோழிக்கூண்டுக்கு எதிரே வேப்பமரத்தில் கட்டினேன். கலியபெருமாள் ஆட்சேபிக்கவில்லை. "நாயைத்தானே எடுக்கப்போவுது, எடுக்கட்டும்" என்றார். மறுநாள் காலை அக்கா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கார்டைப் போட்டுப் பார்த்தால் அறுபது படம், அறுபதிலும் மஞ்சள் புகை. இன்னொரு கோழியும் போயிருந்தது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று பதறிக்கொண்டு மறுபடி சுரக்குடிக்கு ஓடினேன்.

வேப்பமரத்தில் கேமரா மல்லிகைச் சரத்தோடு ஜம்மென்று இருந்தது. லென்ஸ் நிறைய சந்தனம், நடுவில் குங்குமம். நான் கிளம்பிப்போன பிறகு பாக்கியம் அக்கா குளித்துவிட்டு வந்து கும்பிட்டிருக்கிறார். போச்சு அக்கா, ஒரு ராத்திரி வீண், இன்னும் இரண்டுதான் இருக்கிறது என்றேன். கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அக்கா ஈரத்துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ணைத் திறக்கத்தான் தம்பி பூசை போடுவாங்க. இதுக்கு மூடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வால் வழக்கு

சனிக்கிழமை காலை இரண்டு கட்சியும் ஒரே பஸ்ஸில், பேசிக்கொள்ளாமல், கடைக்கு வந்து பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தன. கார்டைப் போட்டேன். காற்றில் ஒரு இறகு. அடுத்த படத்தில் படத்தைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும் இரண்டு பின்னங்கால், நுனி கறுத்த ஒரு வால். அவ்வளவுதான். தப்பு என்னுடையது. இந்தக் கேமராவுக்கு முழிப்பு வந்து படம் எடுக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். வழிக்குக் குறுக்கே கட்டினால் வால்தான் கிடைக்கும், வருகிற வழியைப் பார்த்துக் கட்டினால்தான் முகம். கிடங்கில் இருபது வருஷம் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"நரி வால் இது, நாய் வால் இல்லை" என்று நான் சொன்னதைக் கலியபெருமாள் ஏற்கவில்லை. வாலென்றால் வால், டைகருக்கும் இருக்கிறது என்றார். பாக்கியம் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "எங்க டைகர் வாலு சுருண்டு மேல நிக்கும். இது கீழ தொங்குது பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க!" கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "திருடப் போறப்ப எவன் பாக்கியம் வாலைத் தூக்கிக்கிட்டுப் போவான்?"

ஞாயிற்றுக்கிழமை

கேமராவை வழி பார்த்துத் திருப்பிக் கட்டிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் லேப்டாப்போடு போய்ச் சேர்ந்தேன். கலியபெருமாளின் மொபெட் பின்சீட்டில் சாக்கும் கயிறும் தயாராக இருந்தன. தெருவே நான் லேப்டாப்பை வைத்த டிராக்டர் டிரெய்லரைச் சுற்றி நின்றது. டைகர் மட்டும் விஷயம் தெரியாமல் எல்லார் காலையும் மோந்துகொண்டிருந்தது. முதல் படம்: கோழிக்கூண்டுக்கு முன்னால் டைகர். "பாத்தீங்களா!" என்று நாலு குரல். அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. இரண்டாவது படம்: டைகர் அங்கேயே படுத்திருக்கிறது. கலியபெருமாள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். மூன்றாவது படத்தில் திரை நிறைய நரி. நேருக்கு நேர் முகம், கண் இரண்டும் பொட்டு வைத்த மாதிரி ஜொலிக்க, வாயில் கோழி. நாலாவது படத்தில் நரியும் டைகரும் மூக்கோடு மூக்கு. டைகரின் வால் மட்டும் தெளிவாக விழவில்லை, அவ்வளவு வேகமாக ஆட்டியிருக்கிறது.

யாரும் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கலியபெருமாள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, லேப்டாப்பைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "நரி முகம்! நான் இன்னும் பல்லுகூட விளக்கலை தம்பி, எழுந்து நேரா இங்கதான் வர்றேன்!" நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது நாமெல்லாம் வாயால் சொல்வது. அவருக்கு அன்றைக்குத்தான் நிஜமாக வாய்த்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்கும் காட்டு, எங்களுக்கும் காட்டு என்று முண்டினார்கள். காபி குடித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த யோகம் செல்லுமா செல்லாதா என்று ஒரு விவாதம் நடந்தது. கட்டிலுக்கு எதிரே மாட்டுகிற மாதிரி பெரிசாக ஒரு பிரிண்ட் போட என்ன ஆகும் என்று கலியபெருமாள் கேட்டார். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டைகரை என்ன செய்வதாக உத்தேசம் என்று நானே கேட்கவேண்டியிருந்தது. "அது எங்கயும் போவக்கூடாது" என்றார் பதறிப்போய். "அதோட சிநேகிதத்துலதானே நரி இந்தத் தெருவுக்கு வருது!"

தெரு சந்தோஷமாகக் கலைந்தது. பாக்கியம் அக்கா மட்டும் நாலாவது படத்தை இன்னொரு தரம் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, வழக்கு ஜெயித்துவிட்டதே அக்கா என்றேன். அவர் காலடியில் படுத்திருந்த டைகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோழி திருடிச்சுன்னு சொன்னப்பகூட எனக்கு இவ்வளவு அவமானமா இல்ல தம்பி. இதை நம்பித்தானே எட்டு ஆட்டை வெளிய கட்டிட்டுத் தூங்குறேன்!"

அதற்குப் பிறகு அந்த வருஷம் பெல்ட் கேமரா ஒன்றுகூட விற்கவில்லை, ஆனால் சுரக்குடியில் அந்தத் தெருவில் நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்த நரி முகத்தில் முழிக்காத வீடு ஒன்றே ஒன்றுதான், அது பாக்கியம் அக்கா வீடு.