இறங்கி நடக்கிற இடம்

எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் கீழறையில் கிடந்ததைத் தூசி தட்டித் தந்தார். பச்சை நிறம். கைப்பிடியில் பிரேக் இல்லை. மிதியைப் பின்பக்கம் அழுத்தினால் நிற்கும். அதைப் பழக இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் மொழிப் பள்ளிக்கு அதில் புறப்பட்டேன், அன்றைக்கே மாட்டிக்கொண்டேன்.

போகிற வழியில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பொலிஸ்காரன் நின்று பிள்ளைகளைத் தெருவைக் கடக்க விட்டுக்கொண்டிருந்தான். நல்ல உயரம், செம்மஞ்சள் மீசை, கறுப்புத் தோல் ஜாக்கெட். வலது இடுப்பில் தோலுறைக்குள் பிஸ்டல். அதை அவன் மறைக்கவில்லை, காட்டவும் இல்லை. சிலர் இடுப்பில் சாவிக்கொத்துக் கொழுவுவது போலக் கொழுவியிருந்தான். பிள்ளைகளின் தலை சரியாக அந்த உயரத்துக்குத்தான் வந்தது. ஒரு சிறுமியின் கம்பளித் தொப்பி அதில் உரசிக்கொண்டு போனது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருத்தன்தான். என் கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டன. தலையைக் குனிந்தபடி ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனைக் கடந்தேன். பேக்கரி தாண்டிய பிறகுதான் திரும்ப ஏறினேன்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இராணுவ முகாம் வாசலில் இறங்க வேண்டும். ஒரு மணல்மூட்டை அரணிலிருந்து அடுத்த அரண் வரை உருட்ட வேண்டும். ஆண்கள் அடையாள அட்டையைக் கையில் பிடிக்க வேண்டும், பெண்கள் கைப்பையைத் திறந்து பிடிக்க வேண்டும். முகாமைத் தாண்டி ஒழுங்கைக்குள் வந்தால் எங்கள் இயக்கப் பெடியள் சாரத்தில் பிஸ்டலைச் செருகி, சேர்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் கண்டால் இறங்கு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் இறங்கினோம். எங்களைக் காப்பாற்றத்தானே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இறங்கினோம்.

என் மனைவி அங்கேதான் இருந்தாள். கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் நான் வெளிக்கிட்டுவிட்டேன். எனக்குக் கடிதம் போடத் தபால் கந்தோருக்குப் போவதென்றாலும் அவள் முகாம் வாசலில் இறங்கி, பையைத் திறந்து காட்டித்தான் போகவேண்டும். பைக்குள் இருந்த உங்கள் கடிதத்தை இன்று ஒருத்தன் எடுத்துப் பிரித்துப் பார்த்தான், தமிழ் தெரியாதவன், ஆனாலும் சிரித்தான் என்று ஒருமுறை எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபம் ஆறமுதல் பதில் எழுதினேன். நீர் இங்கே வந்தால் ஒருத்தருக்கும் சைக்கிளால் இறங்கத் தேவையில்லை, இது மனிசர் வாழுகிற நாடு என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தடியில் இறங்கி, உருட்டிக்கொண்டு போய்த்தான் தபால்பெட்டியில் போட்டேன்.

அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை நான் கொடுத்ததும் பொலிஸ் நிலையத்தில்தான். அதுதான் என்னை உருக்குலைத்தது. என்னைப் பற்றிப் பிழையாக ஒரு வரி எழுதப்பட்டால் அவளுடைய வரவு நின்றுவிடும் என்று நம்பினேன். மெய்யோ பொய்யோ தெரியாது. யாரிடமும் கேட்கவும் பயம். இரண்டாம் கிழமையே பள்ளிக்கூடத்தடிப் பொலிஸ்காரன் என்னைக் கவனிக்கத் தொடங்கினான். எப்படிக் கவனிக்காமல் விடுவான்? ஊரே அவனுக்குக் ‘குமோன்’ என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு சைக்கிளில் பறக்கிறது. ஒருத்தன் மட்டும் அவனைக் கண்டவுடன் குதித்து இறங்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். நான் பொலிஸாக இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

இனி இறங்குவதில்லை என்று காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது முடிவெடுப்பேன். அவனுடைய மீசை தெரிந்தவுடன் முடிவு போய்விடும். பிறகு இன்னொரு பயம் பிடித்தது. இத்தனை நாள் இறங்கி நடந்தவன் இன்றைக்கு இறங்காமல் போனால் அதையும் அல்லவா குறித்துக்கொள்வான்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ரயில் பாதையோரமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பாதையில் ஒரு பொலிஸ் கார் மெதுவாக என்னைக் கடந்து போனது. தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் ஒளிக்கிறான் என்று எழுதிவிடுவார்களே என்று மறுநாளே பழைய வழிக்கு வந்துவிட்டேன்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை. எனக்கு ஒரு வருசம் முன்பு வந்து, நெசவாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தான் நடந்தே வேலைக்குப் போவதால் தப்பித்ததாகச் சொன்னார். பிறகு வழியும் சொல்லித் தந்தார்.

“நீ முழிக்கிற முழியிலேயே கள்ளன் எண்டு நினைப்பான். கேட்டால் சங்கிலி கழலுது எண்டு சொல்லு.”

மாசி மாதத்தில் அவன் கேட்டான். நான் உருட்டிக்கொண்டு போகும்போது கையைக் காட்டிக் கூப்பிட்டான். குனிந்து, சைக்கிள் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைத் தன் கொப்பியில் எழுதினான். அந்தப் பேனா ஓடியபோது என் மனைவியின் விண்ணப்பத்தில்தான் எழுதுகிறான் போல எனக்குப் பட்டது. ஏன் எப்போதும் நடக்கிறாய் என்று கேட்டான். அவ்வளவு டேனிஷ் விளங்கியது. உண்மையைச் சொல்லுமளவுக்கு டேனிஷ் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். சங்கிலியைக் காட்டி, சரியில்லை என்றேன்.

அவன் கொப்பியைப் பைக்குள் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளடியில் குந்தினான். ஜாக்கெட் மேலே ஏறியது. பிஸ்டலின் பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆயுதம் வைத்திருக்கிறவன் ஒருத்தன் எனக்கு முதுகைக் காட்டி அதுவரை நான் கண்டதில்லை. என் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. காற்சட்டைப் பைக்குள் விட்டால் எதையோ எடுக்கிறான் என்று நினைப்பான். வெளியே விட்டால் பிஸ்டலுக்குக் கிட்ட இருக்கிறது. கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் பிடிபட்டவர்களைக் கட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான் என்பது பிறகுதான் புத்தியில் பட்டது. பள்ளிக்கூட மதிலில் இரண்டு பெடியன்கள் ஏறியிருந்து என்னைப் பார்த்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

சங்கிலிக்கு ஒரு குறையும் இல்லை. இருக்கைக்குக் கீழே தொங்கிய சின்னப் பைக்குள் ஸ்பானர் இருந்தது எனக்கே தெரியாது. அவன் அதை எடுத்துப் பின்சில்லை இழுத்து இறுக்கினான். மிதியைச் சுற்றிப் பார்த்தான். எழும்பி, கையில் பட்ட எண்ணெயைப் புல்லில் துடைத்துவிட்டு, இனி ஓடலாம் என்று இருக்கையில் தட்டினான். நல்ல மனிசன். அவன் நல்ல மனிசனாக இருந்ததுதான் பெரிய கரைச்சல். என் பொய்யை அவன் பழுதுபார்த்துத் தந்துவிட்டான். இனி இறங்குவதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

அடுத்த நாள் ஓடினேன். அவன் தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டான், சங்கிலியைத்தான் பார்த்தான். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். முதுகில் வெடி விழப்போகிறது என்று உடம்பு நம்பியது. புத்தி சொன்னதை அது கேட்கவே இல்லை. அவன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். நான் பல்லைக் காட்டினேன். பேக்கரி தாண்டி மூலையில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலமெல்லாம் உறைந்து கிடந்த குளிரில் என் முதுகு நனைந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். முன்பு அவனைக் கடக்கமுதல் இறங்கினேன், இப்போது கடந்தபிறகு இறங்கினேன். வேறொன்றும் மாறவில்லை.

சித்திரையில் விண்ணப்பம் சரிவந்தது. ஒரு வரியும் யாரும் எழுதியிருக்கவில்லை. வைகாசியில் அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். வந்த அடுத்த கிழமை கொமூன் என்கிற நகரசபைக் கந்தோரில் அவளுடைய பெயரைப் பதியவேண்டியிருந்தது. பஸ்ஸில் போயிருக்கலாம். எனக்கு ஒரு வீம்பு. நான் எழுதிய கடிதத்தை மெய்யாக்கிக் காட்டவேண்டும். அவளைச் சைக்கிளின் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாலேயே போனேன். திருப்பத்துக்கு முன்னால் சொல்லி வைத்தேன்.

“அதிலை ஒரு பொலிஸ் நிப்பான். பிஸ்டல் வைச்சிருப்பான். நீர் பேசாமல் இரும்.”

“ஓம்” என்றாள்.

திரும்பினோம். அவன் நின்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன். அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை, சத்தியமாக இல்லை. அவனுக்கு நானே முதலில் குமோன் சொல்லவும் வாயைத் திறந்தேன். அப்போது சைக்கிள் திடீரென்று பாரமில்லாமல் ஓடியது.

மிதியைப் பின்பக்கம் அழுத்தி நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவள் தெருவோரத்தில் நின்றாள். தலை குனிந்திருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் அகலத் திறந்து, அவனுடைய இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெண்ணின் பைக்குள் பார்ப்பது மரியாதை இல்லை என்பது போல முகத்தைத் திருப்பினான். பிறகு என்னிடம் வந்து, கரியரில் பெரிய ஆளை ஏற்றக்கூடாது, இந்த நாட்டில் அது சட்டப்படி பிழை, இருவரும் நடந்து போங்கள் என்று கையாலும் வாயாலும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். பழைய இடத்தில், பழையபடி, சைக்கிளை உருட்டத் தொடங்கினேன். அவள் என் பக்கத்தில் வந்தாள்.

“ஒருத்தருக்கும் இறங்கத் தேவையில்லை எண்டெல்லோ எழுதினீங்கள்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டு உருட்டினேன். கொஞ்சத் தூரம் போனபிறகு பார்த்தால் பை இன்னும் திறந்தபடியே அவள் கையில் இருந்தது. உள்ளே கடவுச்சீட்டு, முகம் துடைக்கிற கைலேஞ்சி, கட்டி வைத்திருந்த என் கடிதங்கள்.

“பையை மூடும்” என்றேன்.

அவள் ஒருமுறை திரும்பி அவன் நின்ற பக்கம் பார்த்தாள்.

“அங்காலை போய் மூடுறன்” என்றாள்.