நூல் பிடித்த பள்ளம்

போன வாரம் விடாத மழை. ஓய்ந்த காலையில் காதர் பாய் போன் செய்தார். "எம்மா, உடனே கிளம்பி இங்கன வாங்க." அவ்வளவுதான். கட் செய்துவிட்டார்.

வண்ணார்பேட்டை ஆபீசிலிருந்து களக்காட்டு மலையடிவாரம் வரை ஸ்கூட்டரில் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பேன்? ஒன்று: கிணறு போச்சு. இரண்டு: என் கணக்கு போச்சு. மூன்றாவது இல்லை. இந்த இரண்டே போதும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு – மழை மண்ணை எங்கே, எவ்வளவு அரிக்கும் என்று கம்ப்யூட்டர் மாடல் செய்து சொல்வது என் வேலை. காதர் பாய் பத்தமடைக்காரர். சவூதியில் பைப்லைன் போட்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஊர் திரும்பி, அந்தச் சரிவில் எலுமிச்சை வைத்திருக்கிறார். மேட்டில் இருக்கும் ஒரே கிணறுதான் தோட்டத்துக்கே உயிர். இரண்டு மழைக்காலத்துக்கு முன் தோட்டத்தின் அடியில் ஒரு பள்ளம் விழுந்தது. கிணற்றை நோக்கி ஏற ஆரம்பித்தது.

"தண்ணி கீழதானம்மா போவுது? பள்ளம் மட்டும் எப்படி மேல வருது?" என்று அப்போது கேட்டார் பாய்.

நல்ல கேள்வி. முதலில் மழைத்துளி மண்ணைக் கிளப்பும். பிறகு விரல் தடிமனில் கோடுகள். கோடுகள் சேர்ந்தால் பள்ளம். பள்ளத்தின் தலையில் தண்ணீர் குட்டி அருவியாக விழுந்து அடிமண்ணைத் தோண்டும், மேல்மண் இடியும், அருவி ஓர் அடி பின்னால் நகரும். மறுபடி... மறுபடி... இப்படித்தான் பள்ளம் மலையேறுகிறது.

மழை, மண், சரிவு, செடிகொடி – பட்டியல் போட்டு மாடலுக்குக் கொடுத்தேன். செங்குத்தான வடக்கு ஓரத்தைச் சிவப்பாகக் காட்டியது. அங்கே கல் தடுப்பு கட்டினோம். அடுத்த மழையில் அந்தத் தடுப்பில் ஒரு கைப்பிடி மண்கூடச் சேரவில்லை. பள்ளமோ, கிணற்றுக்கு ஐந்து காலடி தூரத்தில் வந்து நின்றது!

அன்று பள்ளத்துக்குள் இறங்கி மேலே பார்த்தேன். ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது? இயற்கை ஸ்கேல் வைத்தா கோடு போடும்?

"பாய், இங்க எதுவும் தோண்டுனீங்களா?"

பாய் எலுமிச்சை மரத்தைப் பார்த்தார். பம்பு ரூமிலிருந்து அவர் மனைவி ஜமீலா அக்காவின் குரல்தான் வந்தது. "சொல்லுங்களேன்! கிணத்துலருந்து கடைசி மரம் வரைக்கும் நூலு புடிச்சு பைப் பதிச்சாங்கம்மா. பத்தமடையிலருந்து ஆளுகளைக் கூட்டிட்டு வந்து காட்டுனாங்க."

"சவூதியில வளைச்சுப் போட்டா ஃபோர்மேன் ஊருக்கு அனுப்பிருவான், தெரியுமா?" என்றார் பாய்.

"அங்க இப்படி மழை பெய்யுதா?" என்று கேட்டேன்.

பைப் குழியை மூடிய இறுகாத மண் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. என்னை மட்டும் விடலாமா? என் வரைபடத்தில் ஒரு கட்டத்தின் அகலம் முப்பது மீட்டர். அவர் குழியின் அகலம் ஒரு முழம். அவர் கணக்கில் மழை இல்லை. என் கணக்கில் பாய் இல்லை.

அவர் வீம்பு பிடிக்கவில்லை. மறுநாளே பைப்பைத் தோண்டி எடுத்தார். தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பார்த்து, சரிவின் குறுக்கே வளைத்து வளைத்துப் பதித்தார். என் ஜிபிஎஸ் அந்தத் துல்லியத்துக்குக் கிட்ட வராது. பள்ளத்துக்குள் மூன்று கல் தடுப்புகள் கட்டினோம். ட்ரோன் பறக்கவிட்டு, அரை மீட்டர் கட்டத்தில் நான் மறுபடி மாடலை ஓட்டினேன். பள்ளம் இனி ஏறாது என்றது. அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன்.

பிறகுதான் போன வார மழை. அந்த போன்.

போய்ச் சேர்ந்தபோது பாய் கிணற்றடியில் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அளந்து பாருங்க" என்றார். பள்ளத்தின் தலையில் அடையாளத்துக்கு நான் அடித்து வைத்திருந்த கம்பியிலிருந்து டேப்பைப் பிடித்தேன். பள்ளம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. இன்னொரு முறை அளந்தேன். அதேதான்.

"இதை போன்லயே சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"சொன்னா நம்புவியளா? டேப்பு வச்சாத்தானே நம்புவிய!"

பெருமையாக இருந்தது. அவரை நினைத்தும், என்னை நினைத்தும். எதற்கு மறைக்க வேண்டும்?

கீழே, கல் தடுப்புக்குப் பின்னால் வண்டல் கெட்டியாகப் படிந்திருந்தது. அதன்மேல் பச்சைப்பசேல் என்று ஒரு கொடி. அத்தனை வெள்ளத்திலும் பிய்ந்து போகவில்லை.

"இது என்னக்கா?"

"பூசணி" என்றார் ஜமீலா அக்கா. "நல்ல மண்ணு சும்மா கெடக்கேன்னு தடுப்பு கட்டுனப்பமே நாலு விதையை ஊனுனேன். ஏன், உங்க கம்ப்யூட்டர் திட்டுமோ?"

திட்டாது. மண்ணை மூடியிருக்கும் செடிகொடிக்கு மாடலில் ஓர் எண் உண்டு. அன்று மாலையே அதைத் திருத்தினேன். காரணம் கேட்கும் இடத்தில் 'நிலப்போர்வை மேம்பட்டுள்ளது' என்று எழுதியிருக்கிறேன்... பூசணி என்று எழுதினால் மேலிடம் ஒப்புக்கொள்ளுமா என்ன?