டாக்டர் முன்னால் ஃப்ளோரா சொன்னது

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில் ஃப்ளோராவை எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுக்குள் நடப்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. கான்வென்ட்டில் ஆயா வேலை. ஊர்க்கதை என்றால் விடிய விடியப் பேசுவாள், சொந்தக் கதை என்றால் வாயே திறக்க மாட்டாள். புருஷன் கொர்னேலியஸ் நாலு வருஷமாகத் தானாகக் குளித்ததில்லை என்பது பக்கத்து வீட்டு வெங்கடம்மாவுக்குக்கூடத் தெரியாது. தினமும் காலையில் குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டைக்குப் பட்டன் போட்டு, கையில் பேப்பரைக் கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பார்க்கிறவர்கள் மனுஷன் நீண்ட லீவில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொர்னேலியஸ் பெங்களூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அட்டெண்டர். இருபது வருஷத்துக்கு மேல் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்பியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்றார். மனச்சிதைவு என்றார்கள். மாத்திரையில் அந்தக் குரல் அடங்கியது, ஆனால் கொர்னேலியஸ் பழையபடி திரும்பி வரவில்லை. நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதில் ஒன்று, "ஆபீஸ் போவணும்" என்பதாக இருக்கும்.

அந்த ஆபீஸிலிருந்துதான், இத்தனை நாள் வராதவரை வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. சூப்பரின்டெண்ட் சுந்தரராஜ் நல்ல மனுஷர், போனிலேயே விளக்கிச் சொன்னார். "நாப்பது சதவீதத்துக்கு மேல ஊனம்னு சர்ட்டிபிகேட் குடுத்தா வேலைய விட்டு எடுக்க முடியாதும்மா, சட்டம் இருக்கு. லேசான வேலையா குடுத்து வச்சுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

மனசின் ஊனத்தை எப்படி அளப்பார்கள் என்று ஃப்ளோராவுக்குப் புரியவில்லை. அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். மனுஷன் எவ்வளவு உடைந்திருக்கிறானோ அவ்வளவு மார்க். இந்தப் பரீட்சையில் தேறினால்தான் பிழைப்பு.

ஆனால் சுரங்கக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு டாக்டர் முன்னால் நிற்கத் தெரிந்தது ஒரே விதம்தான். கம்பெனி டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் வேலையும் போச்சு, கம்பெனி கொடுத்த லைன் வீடும் போச்சு என்ற பயத்தில் வளர்ந்தவர்கள். ஃப்ளோராவின் அப்பாவும் கொர்னேலியஸின் அப்பாவும் இருமலை விழுங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்கள். பெண்டாட்டியைக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி என்று டாக்டர் கேட்டால், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்பாள். ஒரு பெண்டாட்டி புருஷனைக் காட்டிக்கொடுத்தாள் என்ற பேச்சு இந்த லைன்களில் எழுந்ததே இல்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் பவ்யா சின்ன வயசுக்காரி, கனிவானவள். கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாள். முதல் கேள்விக்கே கொர்னேலியஸ் நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார்.

"நானே எழுந்து குளிப்பேன் மேடம். மார்க்கெட்டுக்குப் போவேன். எல்லார்கிட்டயும் பேசுவேன். நாளைக்கே டூட்டிக்கு ரெடி."

நாலு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசியதில்லை. ஃப்ளோராவுக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அடப்பாவி மனுஷா, பேச உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று திட்டவும் தோன்றியது.

டாக்டர் அவளிடம் மெல்லக் கேட்டாள். "இவர வெளிய உக்கார வச்சுட்டு நாம பேசலாமாம்மா?"

போன வருஷம் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்துத் திரும்புவதற்குள் அவர் காணாமல் போய், மூன்று நாள் கழித்துக் கிடைத்தார். தெரியாத இடத்தில் அவரைத் தனியாக விட அன்றிலிருந்து அவளுக்குப் பயம். "வேணாம் மேடம். இங்கயே இருக்கட்டும்" என்றாள். பாவி வாய்! அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தன்னைச் சபிக்காத நாள் இல்லை.

"குளிக்கிறது?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் குளிப்பாட்றேன்."

அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லாத நாலு வருஷம். கேட்டதற்கும் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வது, தங்கச்சி வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது, கோயிலில் பூசை நடக்கும்போதே பேண்ட்டை நனைத்துக்கொண்டது எல்லாம். டாக்டரின் பேனா ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தது. முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கொர்னேலியஸ் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

பத்து நாளில் சர்ட்டிபிகேட் வந்தது. அறுபது சதவீதம். "வேலை தப்பிச்சுதும்மா, திங்கக்கெழமை கூட்டிட்டு வந்து சேத்துடுங்க" என்று சுந்தரராஜ் சந்தோஷப்பட்டார். ஆனால் ஆஸ்பத்திரி போய் வந்த மறுநாளிலிருந்து கொர்னேலியஸ் அவள் கையைக் கிட்டே விடவில்லை. தலை சிக்குப் பிடித்தது, தாடி முளைத்தது. வெங்கடம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன் ஃப்ளோரா எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"இன்னாங்க, கதவத் தொறங்க. ரயிலுக்கு நேரமாவுது. நான் ஊத்தி விடறேன்."

"நானே குளிச்சுக்குவேன்."

தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். கால் மணி நேரமாயிற்று, அரை மணி நேரமாயிற்று. சத்தமே இல்லை. கதவில் வாயை வைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"சொம்புல தண்ணிய மொண்டு தோள்ல ஊத்துங்க. அவ்ளோதான். ஊத்துங்க."

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதையும் போயி டாக்டராண்ட சொல்லுவியா, ஃப்ளோரா?"

சொல்ல மாட்டேன் என்றாள். மாதா மேல் ஆணையாகச் சொல்ல மாட்டேன் என்றாள். கதவு திறக்கவில்லை.