ஜெபமணி டீச்சரின் பஸ்கா ஆடு

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

ஜெபமணி டீச்சர் காலமான செய்தி, நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக மாத்தளையில் நின்றுகொண்டிருந்தபோது என் கைபேசிக்கு வந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருந்தார். ‘உடல்நலக் குறைவால் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகிய அன்புச் சகோதரி’ என்று எழுதியிருந்தார். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அடக்க ஆராதனையிலும் இதே வாக்கியத்தை வாசித்தார்கள். சபை மலரிலும் இதுவே அச்சாகப் போகிறதாம். அவர் தாமாக விலகவில்லை. வகுப்பை அவரிடமிருந்து பறித்தார்கள். எதற்காகப் பறித்தார்கள் என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடசாலையில் அவர் கணிதம், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் பல வருடம் எதிரெதிர் மேசை. இனிமையானவர் என்று அடக்கத்தில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் சபையில் பிரசங்கம் செய்த மறுநாள், எல்லார் முன்னிலையிலும், “சார், நேத்து நீங்க மூணு எடத்துல முடிச்சிருக்கலாம். மூணையும் விட்டுட்டீங்க” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் எந்தப் பாடத்தையும், விடை தெரிந்த பாடமாக அவர் தொடங்கியதே இல்லை. வேதப் பாடமும் அப்படித்தான்.

வகுப்பைப் பறித்த அந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம், எகிப்தை விட்டுப் புறப்படும் இரவில் ஆட்டை அடித்து அதன் இரத்தத்தை வாசல் நிலையில் பூசிய பஸ்கா கதையைச் சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கமாக ஒரு படத்தாளைக் கொடுத்து, நிலைக்கால்களுக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லுவோம். டீச்சர் நேராக ஆட்டுக்கடை நசீர் நானாவிடம் போய் ஒரு குட்டியை இரவல் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

“மூஸா நபிட கதையா டீச்சர்? அது எங்கள்ட்டயும் ஈக்குதே” என்றார் நானா. “கொண்டு போங்க. ஆனா புள்ளைகள்ட்ட சொல்லி வைங்க, இது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வளக்கிற குட்டி. கண்டதயும் தீத்திப் போடப் போறாங்க.”

“சொல்றேன் நானா. கேக்க மாட்டாங்க.”

கேட்கவில்லை. மண்டபத்துப் பின்புறம் கட்டியிருந்த குட்டிக்குப் பலா இலையோடு பிஸ்கட்டும் கிடைத்தது. அடுத்த நாளே அதன் பெயர் ‘பிஸ்கட்’ ஆகிவிட்டது. மாலையில் பிள்ளைகள் வந்து அதன் பல்லை, காதை, குளம்பை எல்லாம் தூக்கிப் பார்ப்பார்கள். பழுதற்ற ஆடாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். காதோரம் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, அது பழுதா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் டீச்சர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். “ஆட்ட மாசம் பத்தாந்தேதி எடுத்து, பதினாலாந்தேதி வரைக்கும் வச்சிருக்கச் சொல்லுது வேதம். எதுக்கு சார்?”

“குறை இருக்கிறதா என்று பார்க்க” என்றேன். விளக்கவுரைகள் அப்படித்தான் சொல்கின்றன.

“இவங்க ஒரே சாயங்காலத்துல பாத்து முடிச்சிட்டாங்களே. மிச்ச நாளெல்லாம் எதுக்கு?”

அது மந்தை மேய்த்த மக்களின் பழக்கம், பயணத்துக்கான ஆயத்தம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், எழுதியும் வைத்தார். “இருக்கலாம்” என்றார். அவர் ‘இருக்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம்.

வியாழன் பின்னேரம் மண்டபத்தில் பஸ்கா. வாசல் நிலையில் பீட்ரூட் தண்ணீரைப் பூசினார்கள். தேங்காய் ரொட்டி புளிக்காத அப்பமானது, பாகற்காய் கசப்புக் கீரையானது. எகிப்தை விட்டு ஓடத் தயாராக, காலில் செருப்போடு நின்றபடி சாப்பிட வேண்டும் என்றார் டீச்சர். எங்கள் மண்டபத்துக்குள் செருப்போடு காலடி வைத்தவர் கிடையாது. பிள்ளைகள் வெளியே கழற்றிப் போட்டதை ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்து, தரையைத் தட்டித் தட்டி நடந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கதை முடியும் இடத்தில் மெர்லின் கையைத் தூக்கினாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை, அதிகம் பேசாது. “டீச்சர், பிஸ்கட்ட வெட்டப் போறீங்களா?”

“கதையில வெட்டுறாங்க. நம்ம வெட்ட மாட்டோம். ஏன்?”

“இயேசு நமக்காக ஆட்டுக்குட்டியா வந்துட்டாரு” என்று மற்றவர்கள் ஒன்றாகக் கத்தினார்கள். ஞாயிறு பாடசாலையில் எந்தக் கேள்விக்கும் இயேசு என்றால் பாதி சரியாகிவிடும்.

மெர்லின் மட்டும் உட்காரவில்லை. “அப்போ அவர மட்டும் வெட்டலாமா? அவரயும் எல்லாருக்கும் பழக்கந்தானே?”

நான் ஒரு விடை சொல்ல எழுந்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். “தெரியல மகள். நானும் அதத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கேன். நாளைக்கு ஆராதனையில ஒக்காந்து எல்லாரும் சேந்து யோசிப்போம்.”

மறுநாள் என்ன நடந்தது என்று சபையாராகிய உங்களுக்குத் தெரியும், நீங்களும் இருந்தீர்கள். பெரிய வெள்ளி ஆராதனையில் நம் பிள்ளைகள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க வெளியே போவார்கள். அன்று யாரும் தூங்கவில்லை. சிலுவையில் அறைந்த பகுதியை வாசித்தபோது மெர்லின் விம்மத் தொடங்கினாள். பிறகு அந்த வரிசை முழுவதும் அழுதது. போதகர் வாசிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் ஊழியக் குழு கூடியது. முனியாண்டி கோயில் கெடா வெட்டைச் சபைக்குள் கொண்டுவந்தார், பிள்ளைகளைப் பயமுறுத்தினார், பரிசுத்த ஆராதனையைக் குழப்பினார் என்று குற்றச்சாட்டுகள். குட்டி அதற்குள் நானாவின் பட்டிக்குத் திரும்பிப் போய்க் கொழுத்துக்கொண்டிருந்தது.

“சந்தோஷமா ஒரு படத்தக் குடுத்துக் கலர் அடிக்கச் சொன்னா முடிஞ்சிச்சே டீச்சர்” என்றார் செயலாளர்.

“பெரிய வெள்ளிக்கெழம கோயில்ல அழக்கூடாதுங்களா? பின்ன எங்க போய் அழுறது?”

டீச்சர் திருப்பிக் கேட்டது அவ்வளவுதான். நான் அவருக்காகப் பேச எழுந்தேன். “ஸ்கூல் அதிபர் பதவி கெடைக்காத கோவத்த இங்க காட்டாதீங்க சார்” என்று செயலாளர் என்னை அடக்கினார். அந்தப் பதவி யாருக்குப் போனது, எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அது வேறு கதை. அன்றைக்கே வகுப்பு, செயலாளரின் மருமகளிடம் போனது. படத்தாள்கள் திரும்பி வந்தன.

டீச்சர் மீதும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவர் சண்டை போடவில்லை. “விடுங்க சார், ஞாயித்துக்கெழம இன்னுங் கொஞ்சம் தூங்கலாம்” என்றார். ஆனால் அவர் தூங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நேரத்தோடு வந்து, வகுப்புச் சத்தம் கேட்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த அவர் முகத்தை நான் பார்த்தேன். பாடசாலையில் என்னை மடக்கிய அந்த வாய், தனக்காக ஏன் திறக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்கிடையில் நசீர் நானாவைச் சந்தையில் கண்டேன். ஆட்டை ஏன் அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வி என்னை விடாததால் அவரிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “நாங்களும் பெருநாள் குர்பானிக்கு அறுக்க முந்தி வூட்டுல கட்டி வளக்கிறதுதானே சார். புள்ளைகள் அழுவாங்க. அழுவாட்டி அது வெறும் எறச்சிதானே?”

டீச்சர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தபோது இதைப் போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கியது, சிரித்தார். “நானா சொல்றது பாதி வழி வரைக்கும் வருது சார். வளத்தவங்க அழுறது சரி. கட்டளை குடுத்த ஆண்டவரு என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாரு அந்த நாளெல்லாம்? அதயும் தேடிப் பாருங்க. அது வரைக்கும் பிரசங்கத்துல ‘குறை பாக்கத்தான்’னு அடிச்சி விட்டுறாதீங்க.”

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில், பரீட்சை மேற்பார்வையில், தூக்கம் வராதபோது அதைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நாள் கிட்டத்தில் வருகிறது, மறுநாள் விலகிப் போகிறது. கசந்துபோன எனக்கு, கோபப்படாமல் யோசிக்க இந்த ஒரு விஷயமாவது இருக்கிறது. அதை எனக்கு விட்டுச்சென்றவர் ‘தாமாகவே விலகிய சகோதரி’ என்று அச்சாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதன் அடியில் பெயர் போட்டேன், பிறகு அழித்துவிட்டேன். பெயரைக் கண்டால், பழைய பகையைத் தீர்க்கிறான் என்று சொல்லி மூடிவிடுவார்கள். பகை இருப்பது உண்மை. ஆனால் அன்று அழுத பிள்ளைகளுக்கு யாரோடும் பகை இல்லை. அதனால் சபையின் முகநூல் குழுவில் பெயரில்லாமலே இதைப் போடுகிறேன். யார் எழுதியது என்று தேட வேண்டாம், ஊகிப்பவர்கள் ஊகிக்கட்டும். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பு, அந்த வெள்ளிக்கிழமை ஏன் அழுதாய் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்.